தங்கம் வந்தது மிக்ஸ்டுல, ஆட்டம் இருந்தது மென்ஸ் டபுள்ஸ்ல: லீ யோங்-டே கேஸ்

தென் கொரியாவோட பேட்மின்டன் டபுள்ஸ் பிளேயர் லீ யோங்-டே பேரை எடுத்தாலே ஷட்டில் பாக்குறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுவாங்க. ஒரு கட்சி, டபுள்ஸ்ல நெட் பக்கம் இவரை மாதிரி நின்னவன் எவனும் இல்லன்னு அடிச்சு சொல்லும். இன்னொரு கட்சி, அதெல்லாம் சரிப்பா, வேர்ல்டு சாம்பியன்ஷிப் தங்கம் ஒண்ணு காட்டுன்னு கேக்கும். காட்ட முடியாது, ஏன்னா இல்ல. 2007, 2009, 2014, மூணு தடவை ஃபைனல் வந்து மூணு தடவையும் வெள்ளிதான். ஆனா கொரியாவுல இன்னைக்கும் ரோட்டுல போற ஒரு அம்மாவை நிறுத்தி பேட்மின்டன் பிளேயர் ஒருத்தர் பேர் சொல்லுங்கன்னா, 2024 ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்ச அன் சே-யங்குக்கு அடுத்து வாயில வர்ற பேர் இவரோடதாதான் இருக்கும்னு நான் நம்புறேன்.

எனக்கு இந்த கேஸ் பிடிச்சதுக்கு காரணம் ஒரு முரண்பாடு. இவரை ஃபேமஸ் ஆக்குனது மிக்ஸ்டு டபுள்ஸ், அதை 2012-க்கு அப்புறம் அவரே ஓரமா வச்சுட்டாரு. இவரு உண்மையிலேயே மாஸ்டரா இருந்தது மென்ஸ் டபுள்ஸ், அதுல ஒலிம்பிக் தங்கமோ வேர்ல்டு தங்கமோ கடைசி வரைக்கும் கைக்கு வரல. புகழ் ஒரு பக்கம் இருந்து வந்துச்சு, திறமை இன்னொரு பக்கம் இருந்துச்சு. இது எப்படி ஆச்சுன்னுதான் பாக்கப்போறோம்.

ஆரம்பம்

1988 செப்டம்பர்ல பொறந்தவரு, ஊரு ஹ்வாசுன். தென் ஜெயோலா மாகாணத்துல குவாங்ஜு சிட்டிக்கு பக்கத்துல இருக்குற, நிலக்கரி சுரங்கத்துக்கு பேர் போன ஏரியா. சின்ன வயசுல கொஞ்சம் குண்டா இருந்த பையன், உடம்பு குறையட்டுமேன்னு பேட்மின்டன்ல சேத்துவிட்டிருக்காங்க. சேந்தவரு மிடில் ஸ்கூல் படிக்கும்போதே, 2003-ல, நேஷனல் டீம்குள்ள போயிட்டாரு. 2006-ல இஞ்சியோன்ல நடந்த வேர்ல்டு ஜூனியர்ல பாய்ஸ் டபுள்ஸ், மிக்ஸ்டு டபுள்ஸ், டீம் மூணுலயும் தங்கம். அதே வருஷம் தோஹா ஏசியன் கேம்ஸ்ல சீனியர் டீம் கூட ஆடி மெடலும் வாங்கியாச்சு.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், கொரியா டபுள்ஸ் நாடு. சிங்கிள்ஸ்ல அப்பப்போ யாராச்சும் வருவாங்க, ஆனா டபுள்ஸ்ல அவங்களுக்குன்னு ஒரு பரம்பரையே இருக்கு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல பார்க் ஜூ-போங், கிம் மூன்-சூ ஜோடி தங்கம். 1996 அட்லாண்டால கிம் டோங்-மூன், கில் யங்-ஆ மிக்ஸ்டு தங்கம். 2004 ஏதென்ஸ்ல அதே கிம் டோங்-மூன், ஹா டே-க்வோன் கூட சேந்து மென்ஸ் டபுள்ஸ் தங்கம். அப்போ யோங்-டே மேல இருந்த எதிர்பார்ப்பு "நல்லா ஆடுற பையன்"ங்குற லெவல் இல்ல, "அடுத்த கிம் டோங்-மூன்"ங்குற லெவல். அந்த ஸ்கூல் பையன் தோள்ல எவ்ளோ வெயிட்டை ஏத்திருக்காங்க பாருங்க.

பெய்ஜிங் ஒலிம்பிக் 2008, அந்த ஒரு வாரம்

அவருக்கு மென்ஸ் டபுள்ஸ் பார்ட்னர் ஜுங் ஜே-சங். ஆறு வயசு மூத்தவரு, உயரம் 168 சென்டிமீட்டர்தான், ஆனா பின்னாடி இருந்து ஜம்ப் பண்ணி அடிச்சா எதிர்ல நிக்கிறவன் கை நடுங்கும். ஜுங் பின்னாடி, யோங்-டே முன்னாடி, இதுதான் ஃபார்முலா. 2007 கோலாலம்பூர் வேர்ல்டு சாம்பியன்ஷிப்ல வெள்ளி, 2008 மார்ச்ல ஆல் இங்கிலாண்ட் டைட்டில். அப்போ பெய்ஜிங்குக்கு போகும்போது தங்கம் எதுல எதிர்பார்ப்பீங்க? மென்ஸ் டபுள்ஸ்லதானே?

முதல் மேட்ச்லயே அவுட். டென்மார்க்கோட லார்ஸ் பாஸ்கே, யோனாஸ் ராஸ்முசன் ஜோடி அனுப்பி வச்சிருச்சு. இதுல இன்னொரு வலி என்னன்னா, அதே டென்மார்க் ஜோடியை வெண்கலத்துக்கான மேட்ச்ல ஜெயிச்சதும் கொரியாவோட இன்னொரு ஜோடிதான், லீ ஜே-ஜின், ஹ்வாங் ஜி-மான். அதாவது ரெண்டாவது ஜோடி மெடலோட வீட்டுக்கு போச்சு, முதல் ஜோடி சும்மா போச்சு.

மிச்சம் இருந்தது மிக்ஸ்டு. பார்ட்னர் லீ ஹியோ-ஜுங், ஏழு வயசு பெரியவங்க, 181 சென்டிமீட்டர் உயரம், அதாவது பார்ட்னரோட உயரம்தான். ஃபைனல்ல எதிர்ல இந்தோனேசியாவோட நோவா விடியான்டோ, லிலியானா நாட்சிர், உலக நம்பர் ஒன், டாப் சீட். யாரும் கொரியா ஜோடி மேல பெருசா பந்தயம் கட்டியிருக்க மாட்டாங்க. ஆகஸ்ட் 17, ஸ்கோர் 21-11, 21-17, முடிஞ்சுபோச்சு. நாட்சிர் நெட்ல எவ்ளோ ஆபத்தான ஆளுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த 11 எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். அவங்களை நெட்டுக்கே வரவிடாம யோங்-டே நெட்டுக்கு கொஞ்சம் மேல நேரா வேகமா டிரைவ் பண்ணிக்கிட்டே இருந்தாரு, ஹியோ-ஜுங் அந்த உயரத்தை வச்சு முன்னாடி வர்ற எதையும் கீழ அடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

ஜெயிச்சதும் கேமராவை பாத்து ஒரு கண்ணடி. இருபது வயசு கூட ஆகல அப்போ. அவ்ளோதாங்க, அடுத்த நாள்ல இருந்து அவரு ஆளே வேற. "விங்க் பாய்"னு பேர் வச்சாங்க, மொத்த நாட்டுக்கும் தம்பின்னு பட்டம் குடுத்தாங்க, பாடகரும் நடிகருமான லீ சுங்-கி சாயல்ல இருக்காருன்னு எழுதித் தள்ளுனாங்க, விளம்பரம், டிவி ஷோன்னு வரிசை கட்டி வந்துச்சு. ஒலிம்பிக் மெடல் வாங்கினா கொரியால கட்டாய ராணுவ சேவைல இருந்தும் விலக்கு உண்டு, ராணுவப் பயிற்சி சில வார அடிப்படைப் பயிற்சியோட முடிஞ்சிடும், அதனால இருபது வயசுல கரியரை பாதியில நிறுத்த வேண்டிய கவலையும் போச்சு.

இங்கதான் நான் கொஞ்சம் நிக்கிறேன். அந்த ஒலிம்பிக்ல ஹியோ-ஜுங் வாங்கினது எத்தனை தெரியுமா, ரெண்டு. மிக்ஸ்டு தங்கம், அதுகூட லீ க்யுங்-வோன் கூட சேந்து விமன்ஸ் டபுள்ஸ் வெள்ளி. மெடல் கணக்குல பாத்தா அந்த ஜோடியில பெரிய ஆளு அவங்கதான். ஆனா ஸ்டார் ஆனது தம்பி. டபுள்ஸ்ல பாயிண்டு ரெண்டு பேருக்கும் சேத்து, மெடல் ஆளுக்கு ஒண்ணு, புகழ் மட்டும் பாதிப்பாதியா பிரியாது, யாரு முகம் கேமராவுல நல்லா விழுதோ அங்கேயே மொத்தமா போயிடும். இதுல யோங்-டே தப்பு எதுவும் இல்ல, அவரு கண்ணடிச்சாரு அவ்ளோதான். ஆனா மீடியா அதை எப்படி எடுத்துக்கிட்டு போச்சுங்கறது ஒரு பாடம். ஹியோ-ஜுங் 2010 குவாங்சோ ஏசியன் கேம்ஸ்ல ஷின் பேக்-சியோல் கூட ஆடி இன்னொரு மிக்ஸ்டு தங்கமும் வாங்கிட்டுத்தான் ரிடையர் ஆனாங்க. அதை எத்தனை பேர் ஞாபகம் வச்சிருக்காங்க?

ஏன் இவ்ளோ ஒட்டிக்கிச்சு

வெறும் முகம்தான் காரணம்னா அந்த கிரேஸ் ஆறு மாசத்துல அடங்கியிருக்கும். அடங்கல. காரணம், கொரியால பேட்மின்டன் ஆடுறவங்க யாருன்னு பாத்தா புரியும். காலைல ஆறு மணிக்கு ஸ்கூல் ஜிம்லயும் முனிசிபல் ஹால்லயும் கிளப் கிளப்பா ஆடுற நாப்பது, அம்பது வயசு ஆளுங்க, ஆம்பளை பொம்பளை எல்லாரும். அவங்க ஆடுறது முழுக்க டபுள்ஸ், மிக்ஸ்டு டபுள்ஸ். சிங்கிள்ஸ் ஆட முட்டி ஒத்துழைக்காது, கோர்ட்டும் கிடைக்காது, நம்மூர் இண்டோர் கோர்ட் கதையேதான். அப்போ அவங்க தினமும் செய்ய முயற்சி பண்ற விஷயத்தை, நெட் பக்கம் வர்றதை கீழ அடிச்சு முடிக்கிற அந்த நெட் கில்லை, அந்த டிரைவை, ஒருத்தன் டிவில அலட்டிக்காம செய்றான்னா அவன்தான் ஹீரோ. விக்டர் கம்பெனி நேஷனல் டீமுக்கு ஸ்பான்சரா இருந்தப்போ பிரேவ் சோர்டு சீரீஸ்ல எல்.ஒய்.டி.ன்னு இவரோட இனிஷியல் போட்டே ராக்கெட் விட்டாங்க. டபுள்ஸ் பிளேயர் ஒருத்தர் பேர்ல ராக்கெட் விக்கறது சாதாரணம் இல்ல.

ஹ்வாசுன்ல அவரு பேர்லயே ஒரு ஸ்டேடியம் கட்டிட்டாங்க, அவரோட ஒலிம்பிக் வெற்றியை முன்னிட்டு ஸ்கூல் பசங்களுக்கு நேஷனல் லெவல்ல டோர்னமென்டும் நடத்துறாங்க. வெளிநாட்டுலயும் கிரேஸ் குறையல, ஜகார்த்தா இஸ்தோரா அரங்கத்துல, பெய்ஜிங்ல அவங்க ஜோடியையே தோக்கடிச்ச ஆளுக்கு அந்த ஊர் பொண்ணுங்க கத்துன கத்தை கேட்டா சொந்த ஊர்க்காரன்னு நினைப்பீங்க.

கைநழுவிப் போனது

இனி அந்தப் பக்கம். 2009 வேர்ல்டு சாம்பியன்ஷிப் நம்ம ஹைதராபாத்ல. ஃபைனல்ல யோங்-டே, ஜுங் ஜே-சங் ஒரு பக்கம், சீனாவோட காய் யுன், ஃபு ஹாய்ஃபெங் இன்னொரு பக்கம். 18-21, 21-16, மூணாவது கேம் 26-28. இருபத்தெட்டு பாயிண்டு வரைக்கும் போன டிசைடர், நெட்ல பட்ட ஒரு ஷட்டில் எதிர்ப் பக்கம் விழுந்திருந்தா இன்னைக்கு இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அதே டோர்னமென்ட்ல மிக்ஸ்டுலயும் செமி வரைக்கும் ஆடி வெண்கலம் வாங்கியிருந்தாரு, அதாவது ஒரே வாரத்துல ரெண்டு ஈவென்ட். அந்த கடைசி ரெண்டு பாயிண்டுல கால் எவ்ளோ கனமா இருந்திருக்கும்னு நான் யோசிக்கிறது உண்டு.

2012-ல ஜோடி உச்சத்துல இருந்துச்சு. மார்ச்ல ஆல் இங்கிலாண்ட் ஃபைனல்ல அதே காய்-ஃபு ஜோடிகிட்ட முதல் கேமை விட்டுட்டு திரும்பி வந்து ஜெயிச்சாங்க. லண்டன் ஒலிம்பிக் செமிஃபைனல்ல டென்மார்க்கோட மதியாஸ் போ, கார்ஸ்டன் மோகென்சன். நம்ம சாத்விக்-சிராக் ஜோடிக்கு பின்னால கோச்சா வந்த அதே போதான். 21-17, 18-21, 20-22. மறுபடியும் டிசைடர், மறுபடியும் ரெண்டு பாயிண்டு. வெண்கல மேட்ச்ல மலேசியாவோட கூ கியன் கியட், டான் பூன் ஹியோங்கை 23-21, 21-10-னு முடிச்சாங்க. அந்த லண்டன்ல கொரியா பேட்மின்டனுக்கு கிடைச்ச ஒரே மெடல் அது. வேணும்னே தோக்க ஆடுனாங்கன்னு விமன்ஸ் டபுள்ஸ்ல கொரியாவோட ரெண்டு ஜோடியை அதே ஒலிம்பிக்ல வெளிய அனுப்பிட்டாங்க, அதுல ஒருத்தங்க யோங்-டேவோட மிக்ஸ்டு பார்ட்னர் ஹா ஜுங்-யூன். டீம் ரூம்ல அந்த வாரம் என்ன மூடு இருந்திருக்கும்னு தனியா சொல்ல வேண்டாம். அதுக்கப்புறம் ஜுங் ஜே-சங் ரிடையர் ஆயிட்டாரு.

கோ சுங்-ஹியூன் கூட கொஞ்ச நாள், அப்புறம் 2013 கடைசில இருந்து யூ யோன்-சோங். இந்த ஜோடி செட் ஆகிற நேரத்துல வந்துச்சு பாருங்க ஒரு இடி. 2014 ஜனவரில ஒரு வருஷம் தடை. போதை மருந்து எடுத்ததுக்கு இல்ல. டெஸ்ட் பண்றவங்க எப்போ வேணா வரலாம், அதனால பிளேயர் எங்க இருக்காருன்னு முன்கூட்டியே பதிஞ்சு வைக்கணும், குறிப்பிட்ட காலத்துக்குள்ள மூணு தடவை அது தவறினா ஊக்கமருந்து விதிமீறல் கணக்குல வந்துடும். இவரும் கிம் கி-ஜுங்கும் அப்படி மாட்டுனாங்க. பதிவை கையில வச்சிருந்தது கொரிய பேட்மின்டன் அசோசியேஷன், கோட்டை விட்டதும் அவங்கதான். சொந்த மண்ணுல நடக்கப்போற இஞ்சியோன் ஏசியன் கேம்ஸ் போச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஏப்ரல்ல உலக சம்மேளனத்தோட விசாரணைக் குழு மறுபடி உக்காந்து தடையை நீக்குச்சு, அசோசியேஷனுக்கு 40,000 டாலர் அபராதம் மட்டும் நின்னுச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் ஃபார்ம் ஒழுங்கா போடாததுக்கு கோர்ட்ல ஆடுறவன் பேர் கெடுற கதை.

திரும்பி வந்தவரு ஆகஸ்ட்ல யூ கூட உலக நம்பர் ஒன். அந்த மாசமே கோபன்ஹேகன்ல வேர்ல்டு சாம்பியன்ஷிப் ஃபைனல், எதிர்ல யாருன்னா சொந்த நாட்டு ஜோடி, பழைய பார்ட்னர் கோ சுங்-ஹியூனும் ஷின் பேக்-சியோலும். 20-22, 23-21, 18-21. மூணாவது வெள்ளி. அடுத்த மாசம் இஞ்சியோன்ல ஃபைனல்ல சீனாவை ஜெயிச்சு டீம் தங்கம் வந்துச்சு, தனி ஈவென்ட்ல மறுபடி வெள்ளி, இந்தோனேசியாவோட அஹ்சான், செத்தியவான் குறுக்க வந்துட்டாங்க.

2015 கடைசில இவங்க ஆடுன ஆட்டம் இருக்கே, ஜப்பான், கொரியா, டென்மார்க், ஃபிரெஞ்சு ஓப்பன்னு வரிசையா அள்ளுனாங்க. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு நம்பர் ஒன்னாதான் போனாங்க. குவார்ட்டர் ஃபைனல்ல மலேசியாவோட கோ வி ஷெம், டான் வீ கியோங்கிட்ட 21-17, 18-21, 19-21. அந்த ஸ்கோர் பேட்டர்னை பாருங்க, லண்டன் மாதிரியே முதல் கேம் இவங்களுது, அப்புறம் கை நழுவும்.

இதை வெறும் துரதிர்ஷ்டம்னு விட்டுடலாமா? ஹைதராபாத்தை விடலாம், 28-26-க்கு யாரும் காரணம் சொல்ல முடியாது. ஆனா மத்ததுல ஒரு விஷயம் எனக்கு தெரியுது, இது என் பார்வைதான். யோங்-டே முன்னாடி நின்னா எதிராளிக்கு மூச்சு முட்டும், அதனால முதல் கேம் அவங்க திணறுவாங்க. ரெண்டாவது கேம்ல இருந்து புத்திசாலி ஜோடிங்க ஷட்டிலை அவரு ராக்கெட்டுக்கு மேல தூக்கி அவரை பின்னாடி தள்ளுவாங்க, முன்னாடி வர பார்ட்னர் மேல பிரஷர் போடுவாங்க. பின்கோர்ட்டுல யோங்-டே மோசம்னு சொல்லல, ஆனா அங்கிருந்து மேட்ச்சை ஒரே அடியில முடிக்கிற ஸ்மாஷ் அவருகிட்ட இல்ல, அது ஜுங்கிட்ட இருந்துச்சு. வழக்கமான டோர்னமென்ட்ல இது பிரச்சனையா இல்ல, ஏன்னா எதிராளி அவ்ளோ தயார் பண்ணிட்டு வர மாட்டான். ஒலிம்பிக்குக்கு மட்டும் நாலு வருஷம் உக்காந்து வீடியோ பாத்துட்டு வருவான். வருஷம் முழுக்க நம்பர் ஒன்னா இருக்கறவன்தான் எல்லாரும் படிக்கிற பாடப்புத்தகம்.

அப்புறம் அந்த புகழும் ஒரு பங்கு எடுத்துக்கிச்சுன்னு நினைக்கிறேன். பெய்ஜிங்குக்கு அப்புறம் ஒவ்வொரு பெரிய டோர்னமென்ட்லயும் கொரியாவோட தங்கக் கணக்கு இவர்கிட்டதான் ஆரம்பிச்சுது, 2012 வரைக்கும் ரெண்டு ஈவென்ட்லயும் இவரை இறக்கினாங்க, லண்டன்ல மிக்ஸ்டுல குரூப் கூட தாண்டல. ஒரே ஈவென்ட்டோட நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்ங்குற கேள்விக்கு ரியோ ஒரு எதிர்வாதம்தான், அங்க ஒண்ணு மட்டும்தான் ஆடுனாரு, அப்பவும் வரல. ஒத்துக்கிறேன், ஆனா அப்போ ஜுங் பக்கத்துல இல்ல.

அதுக்கு அப்புறம்

ரியோ முடிஞ்ச கையோட சோங்னாம்ல நடந்த கொரியா ஓப்பன்ல யூ கூட ஆடி டைட்டில் ஜெயிச்சுட்டு நேஷனல் டீமை விட்டு வெளிய வந்துட்டாரு, வயசு 28. இதுக்கு மேல தனியா போய் இன்டர்நேஷனல் ஆடலாம்னா அசோசியேஷன் விதி குறுக்க நின்னுச்சு, டீம்ல இல்லாத ஆம்பளை பிளேயர் 31 வயசு ஆனாத்தான் வெளிநாட்டு டோர்னமென்ட் போகலாம், பொண்ணுங்கன்னா 29. அந்த இடைவெளில லீக் லீக்கா போனாரு. நம்ம பிரீமியர் பேட்மின்டன் லீக்ல மும்பை ராக்கெட்ஸுக்கு ஆடுனாரு, பின்னால நார்த் ஈஸ்டர்ன் வாரியர்ஸுக்கும். சென்னை ஸ்மாஷர்ஸ் ஃபேன்ஸ் கூட அவருக்கு கை தட்டியிருப்பாங்க, சத்தியமா. 2018-ல அந்த விதி தளந்ததும், தடை கேஸ்ல கூடவே மாட்டுன அதே கிம் கி-ஜுங்கை பார்ட்னரா சேத்துக்கிட்டு மக்காவ் ஓப்பன் ஜெயிச்சாரு, 2020 ஜனவரில மலேசியா மாஸ்டர்ஸ் ஃபைனல்ல சீனாவோட லீ ஜுன்ஹுய், லியு யூசென் ஜோடியையே சாய்ச்சாரு. 31 வயசுல, நேஷனல் டீம் சப்போர்ட் இல்லாம. என்னைக் கேட்டா பெய்ஜிங் தங்கத்துக்கு அடுத்து அவரோட பெஸ்ட் டைட்டில் இதுதான், யாரும் பெருசா பேசறது இல்ல.

நடுவுல 2018 மார்ச்ல ஜுங் ஜே-சங் திடீர்னு இறந்துபோனாரு, இதயக் கோளாறு, 35 வயசு. யோங்-டே பேர் வர்ற ஒவ்வொரு ஹைலைட் வீடியோலயும் பின்னாடி இருந்து குதிச்சு அடிக்கிற அந்த ஆளு யாருன்னு புதுசா பாக்குற பசங்க கேக்குறாங்க.

அந்த வயசு விதி சமாச்சாரம் செத்துப்போகல. வயசை 28, 27-னு குறைச்சாங்க, விதி இருந்துச்சு. 2024 பாரிஸ்ல தங்கம் ஜெயிச்ச அன்னைக்கே அன் சே-யங் அசோசியேஷனை வெளிப்படையா கிழிச்சப்போ அதுல இந்த மேட்டரும் இருந்துச்சு. அவங்களும் குவாங்ஜு பக்கம்தான். யோங்-டே தலைமுறை நீதிமன்றம் வரைக்கும் போய் பேசுனதை அவங்க மைக் முன்னாடி பேசுனாங்க, நாடே திரும்பிப் பாத்துச்சு.

அவரு கையில சிக்காத வேர்ல்டு தங்கம் 2023-ல இன்னொரு கொரியா பிளேயர் சியோ சுங்-ஜேக்கு ஒரே டோர்னமென்ட்ல ரெண்டா கிடைச்சுது, மென்ஸ் டபுள்ஸும் மிக்ஸ்டும். 2025-ல கிம் வோன்-ஹோ கூட சேந்து மறுபடியும் எடுத்தாரு, அந்த கிம் வோன்-ஹோ 1996-ல தங்கம் வாங்குன கில் யங்-ஆவோட பையன். ரெக்கார்டுல சியோ ஏற்கனவே முன்னாடி போயாச்சு. புகழ்ல கிட்ட கூட வரல.

மேட்ச் பாக்கணும்னு கேக்குறவங்களுக்கு: பெய்ஜிங் ஃபைனலை கடைசியா வச்சுக்கோங்க, அதை எல்லாரும் பாத்துட்டாங்க. முதல்ல ஹைதராபாத் 2009 மூணாவது கேம், அப்புறம் ஆல் இங்கிலாண்ட் 2012 ஃபைனல். ரெண்டுலயும் ஷட்டிலை பாக்காதீங்க, ஜுங் அடிக்கறதுக்கு முன்னாடியே யோங்-டே எந்தப் பக்கம் கால் எடுத்து வைக்கிறாருன்னு மட்டும் பாருங்க.